ஜன்னல் சீட்டுக்கு அடுத்த சீட்டு

பெண் பார்க்கப் போகிறவன் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுத்த கதையை எங்கள் பக்கத்தில் தம்பிதுரைக்கு முன்னால் யாரும் கேள்விப்பட்டதில்லை. அதுவும் ஏதோ பாசஞ்சர் ரயில் இல்லை, வந்தே பாரத். கோவையிலிருந்து சென்னைக்கு ஆளுக்கு ஆயிரத்து முந்நூறுக்கு மேல். பொள்ளாச்சிப் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு, வாடல் நோய் வந்த நூறு மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு அது யோசிக்க வேண்டிய காசுதான். அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற கட்டத்தையெல்லாம் அவன் தாண்டி வெகுநாளாகிவிட்டது.

வயது முப்பத்தொன்பது. தரகர் சென்னியப்பன் சொல்லுகிற கணக்கில் முப்பத்தைந்து. நடுவில் உள்ள நாலு வருஷத்தை அவர் எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

பதினோரு வருஷமாகப் பெண் தேடுகிறார்கள். போன வீடுகளில் ஒருவர்கூட முகத்தை முறித்துப் பேசியதில்லை, அதுதான் கொடுமை. "வாங்க, உக்காருங்க, காப்பி எடுத்துக்குங்க" என்று அப்படி ஒரு மரியாதை. தோப்பு எத்தனை ஏக்கர், போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடியில், வீட்டுக்குக் கார் போகுமா, எல்லாம் விசாரிப்பார்கள். கடைசியில், "பையன் வேலைக்கு எங்கீங்க போறாரு?" என்பார்கள். தோப்பைத்தான் பார்த்துக்கொள்கிறான் என்றதும், "ஜாதகத்தப் பாத்துப்போட்டுச் சொல்றமுங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பி வைப்பார்கள். காரைத் திருப்பும்போதே தெரிந்துவிடும். செருப்பை எடுத்து அடித்திருந்தால்கூட இரண்டு நாள் கோபத்திலே ஓடியிருக்கும். இந்த மரியாதைக்கு மருந்தே கிடையாது.

அம்மா மாரியாத்தாள் இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிடுவாள். முழங்கால் வலி உண்மைதான், ஆனால் ரேஷன் கடைக்கு நடக்கிற முழங்காலால் மண்டபத்துக்கு நடக்க முடியாதா என்ன? பந்தியில் பக்கத்து இலைக்காரி, "உங்க பையனுக்கு ஏதாச்சும் அமஞ்சுதுங்களா?" என்று கேட்பாளே, அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவள் வீட்டோடு கிடந்தாள். தம்பிதுரைக்கு அது தெரியும். தனக்குப் பெண்டாட்டி வேண்டும் என்ற ஆசை எப்போதோ களைத்துப்போய், அம்மாவை ஒரே ஒரு கல்யாணப் பந்தியில் தலை நிமிர்ந்து உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவனிடம் மிச்சமிருந்தது.

அப்படி இருக்கையில்தான் சென்னியப்பன் புது யோசனையோடு வந்தார்.

"இதுக்கு மேல என்ற கையில ஜாதகமில்லீங்க தம்பி. இதே கடைசி. பொண்ணு பேரு நித்யஸ்ரீ. சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் கம்பெனியில வேல. வயசு இருவத்தெட்டு. அப்பனுக்கு உங்க தோப்பு மேல ஒரு கண்ணிருக்குது. பொண்ணுதான் கலியாணப் பேச்செடுத்தாலே எந்துருச்சுப் போயிருதாமா."

"அப்பறம் எப்படீங்க பாக்கறது?"

"அதத்தானுங்க சொல்ல வாரேன்."

பெண்ணுக்குத் தெரியாமல் பெண்ணைப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. முன்னெல்லாம் அதற்குக் கோயில் இருந்தது. சாமி கும்பிட வந்த மாதிரி இரண்டு குடும்பமும் வந்து, பிரகாரத்தில் எதிர்ப்பட்டு, பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவான். இப்போதோ அம்மாக்காரி, "வா அம்மணி, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்" என்று வாய் திறக்கும்போதே பெண்கள் உஷாராகிவிடுகிறார்கள். சென்னியப்பன் கண்டுபிடித்தது ரயிலை. பெண் வரும் சனிக்கிழமை சென்னைக்குப் போகிறாள். அவளுக்கு ஜன்னல் சீட்டு. அதற்கு அடுத்த சீட்டு தம்பிதுரைக்கு.

"பஸ்ஸுன்னா எந்துருச்சு வேற சீட்டுக்குப் போயிரும். இதுல போக முடியாது பாருங்க. ஒவ்வொரு சீட்டுக்கும் ஆளிருக்கும். கதவும் ஸ்டேசன்ல மட்டும்தான் தொறக்கும். அஞ்சே முக்கா மணி நேரமுங்க! ஊட்டுல போய்ப் பாத்தா அஞ்சு நிமிசங்கூடப் பேச உடமாட்டாங்க. பேசுங்க, பழகுங்க. நீங்க யாருன்னு காட்டிக்காம வந்துருங்க. பொண்ணுக்கு உங்க கொணம் புடிச்சுப்போச்சுன்னா மித்தத அப்பன் பாத்துக்குவாரு. என்ன, ரெண்டு டிக்கெட்டயும் நாம போடோணும். பொண்ணு பாக்கற செலவு பையன் ஊட்டதுதானுங்களே?"

இரண்டு டிக்கெட்டையும் தம்பிதுரையே ஒன்றாகப் போட்டான். அன்றே திரும்புவதற்குத் தனக்கு ஒன்றும் போட்டுக்கொண்டான். எல்லாம் சேர்த்தால் நாலாயிரத்தைத் தொட்டது. மாரியாத்தாள் தொகையைக் கேட்டு வாயைப் பிளக்கவில்லை. "நல்ல சட்டையாப் போட்டுக்க கண்ணு" என்றாள்.

சனிக்கிழமை ஆறு மணி வண்டிக்கு ஐந்தேகாலுக்கே கோவை ஜங்ஷனில் நின்றான். தலைக்கு மை அடித்து, நீல நிறச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு, வாயில் ஏலக்காய் ஒன்றை ஒதுக்கிக்கொண்டிருந்தான். வண்டி ஏறி உட்கார்ந்ததும் கை வியர்த்தது. ஏசிக் குளிரில் வியர்த்த ஒரே ஆள் அந்தப் பெட்டியில் அவனாகத்தான் இருந்திருப்பான்.

அவள் வந்தாள். போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை.

"ஏனுங்கண்ணா, இந்தப் பைய மட்டும் கொஞ்சம் மேல வெச்சுத் தர்றீங்களா?"

அண்ணா! பாவம், வாயைத் திறந்த முதல் வார்த்தையே அவன் தலையில் விழுந்தது. தெரியாத ஆம்பிளையை எங்கள் ஊர்ப் பெண்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு பையை மேலே வைத்தான்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அந்த முதல் இரண்டு மணி நேரம் தம்பிதுரையின் வாழ்க்கையிலேயே நல்ல இரண்டு மணி நேரம். அவள் சிடுசிடுப்பானவள் இல்லை. அன்றைக்கு அவளுக்குப் பேச வேண்டும்போல் இருந்தது. திருப்பூர் வருவதற்குள் அவன் தென்னை வைத்திருக்கிறான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "வெள்ள ஈ வந்துச்சே, மரமெல்லாம் தப்பிச்சுதுங்களா?" என்று கேட்டாள். பதினோரு வருஷத்தில் எந்தப் பெண்ணும் அவனுடைய மரத்தைப் பற்றிக் கேட்டதில்லை. வெட்டிய நூறு மரத்தைப் பற்றிச் சொன்னான். வெட்டின அன்றைக்கு அம்மா சோறு தின்னவில்லை என்பதையும் சொன்னான். அவள் 'ச்சு' கொட்டினாள். அது ஒப்புக்குக் கொட்டிய 'ச்சு' இல்லை.

ஈரோடு தாண்டிக் காவிரிப் பாலத்தில் வண்டி போனபோது, அவன் பார்க்கட்டும் என்று அவள் சற்றுச் சாய்ந்து வழிவிட்டாள். இந்தப் பெண் நம் வீட்டில் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தான். நினைப்பு கேட்டுக்கொண்டா வருகிறது?

டிபன் தட்டு வந்தது. பொங்கலைப் பிரித்தபடியே அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இந்த வண்டிக்கு இவ்வளவு காசு குடுக்கறது தகுமுங்களா? சேரன் எக்ஸ்பிரஸ்ல படுத்துட்டே போனாக் கால்வாசிதான் ஆகும்."

அவள் சிரித்தாள். "நானும் எப்பவும் சேரன்தானுங்க. இல்லீன்னா பஸ்ஸு. ஆனா இன்னைக்கு இது ரெண்டு மடங்கு வெலன்னாலும் தகுமுங்க. இது என்ற அப்பா எடுத்துக் குடுத்த டிக்கெட்டு."

தம்பிதுரை பொங்கலை விழுங்கினான்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். கம்பெனியில் சென்னை ஆபீசுக்குப் பெரிய பொறுப்பாகக் கூப்பிடுகிறார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக வெளியூரில் பெண் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, நாலு மாசமாக அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அவள் சோறு போடும்போதுகூடத் தட்டைத்தான் பார்ப்பார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இன்றைக்கு நேரில் வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் போய்வந்துவிடலாம் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"எங்கம்மா சொல்லிப்போட்டாங்களாட்ட. புதங்கிழம பொழுதோட எங்கப்பாவே வந்து, 'பஸ்ஸுல போவாத அம்மணி, வெசையாப் போற வண்டியில போ. டிக்கெட் போட்டாச்சு'ன்னாருங்க. வாட்ஸாப்ல பெட்டி நம்பரும் சீட்டு நம்பரும் அனுப்புனாரு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. எங்கப்பாவுக்கு வாயில சொல்ல வராதுங்க, இப்படித்தான் சொல்லுவாரு. நான் அன்னைக்கு ராத்திரி அழுதுட்டேன்." அவள் கண் அப்போதும் கலங்கியது. "ஒரு டீக்கே ரெண்டு கடை ஏறி எறங்கி வெல கேக்கற மனுசனுங்க. அவரு இவ்வளவு குடுத்து எடுத்திருக்காருன்னா, போன்னுதான அர்த்தம்?"

தம்பிதுரை தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலுக்காக அவன் பிற்பாடு தன்னையே எவ்வளவு திட்டிக்கொண்டான் என்று கேட்கக் கூடாது. அப்போது வேறு என்ன செய்வான்? உண்மையைச் சொன்னால் கடைசி ஜாதகமும் போச்சு. சொல்லாமல் இருந்தால், வீடு திரும்பியதும் அவளுக்கே தெரியத்தான் போகிறது. அவன் காசில் எடுத்த டிக்கெட்டை அப்பன் தந்த ஆசீர்வாதம் என்று கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் தட்டை மூடி வைத்துவிட்டான்.

சேலத்தில் ஆள் ஏறியது, கதவு சாத்திக்கொண்டது. டிக்கெட் பரிசோதகர் கையில் கருவியோடு வரிசை வரிசையாக வந்தார். அவள் தன் போனில் சீட்டு நம்பரைக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "நித்யஸ்ரீ, தம்பிதுரை. ரெண்டு பேரும் ஒரே டிக்கெட். சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவர் வேலை அவ்வளவுதான்.

"ஒரே டிக்கெட்டா?" அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா ஏதாவது ஏஜென்சியில சொல்லியிருப்பாரு. அவங்க நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்துப் போட்டிருப்பாங்களாட்ட."

பொய்யை அவளே தயாரித்துக் கொடுத்தாள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

"இருங்க, அப்பாகிட்டயே கேக்கறேன். இதச் சாக்கா வெச்சு இன்னும் ரெண்டு வார்த்த பேசுவாரு."

அந்த முகத்தில் இருந்த ஆவலைத்தான் அவனால் தாங்க முடியாமல் போனது.

"கூப்புடாதீங்க" என்றான். "டிக்கெட்டு நான் எடுத்ததுங்க."

அவளுக்குப் புரியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். சென்னியப்பன் பெயரைச் சொன்னான். தோப்பைச் சொன்னான். முப்பத்தைந்து இல்லை, முப்பத்தொன்பது என்பதையும் சேர்த்தே சொன்னான். எதற்கு அதையும் சொன்னான் என்று கேட்டால், உடைந்த அணையில் எந்தத் தண்ணீர் நிற்கும்? சொல்லி முடித்து நிமிர்ந்தபோது அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"என்ற டிக்கெட்டுமா?"

"ஆமாங்க."

"எங்கப்பா எனக்கு டிக்கெட்டே எடுக்கலீங்களா?"

ஏமாற்றிவிட்டாயே என்று அவள் கேட்டிருந்தால் அவன் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். இந்தக் கேள்வியைக் கும்பிட்டா தீர்க்க முடியும்? மேலே பலகையில் வேகம் நூற்றுப்பத்து என்று ஓடியது. அடுத்து வண்டி நிற்பது காட்பாடியில்தான், அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியே எல்லாம் அவ்வளவு வெசையாக ஓடுகிறது, உள்ளே நேரம் நகரமாட்டேன் என்கிறது. இந்த வேகத்துக்கா நாலாயிரம் கொடுத்தோம் என்று தம்பிதுரைக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அவள் எழுந்து, "கொஞ்சம் வழிவிடறீங்களா?" என்று கேட்டுப் பெட்டியின் கோடிக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனில் பேசுவது தெரிந்தது. கையை ஆட்டிப் பேசினாள், பிறகு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டாள், பிறகு நெற்றியைக் கதவில் சாய்த்து நின்றாள். அரை மணி கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"என்னங்க சொன்னாரு?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

"பையனப் புடிச்சிருக்குதான்னு கேட்டாரு. புடிச்சிருந்தா அந்த ஆபீசுக்குப் போக வேண்டாமாம். அப்படியே திரும்பி வந்துரோணுமாம்."

"நான் பொண்ணு வேண்டாம்னு சொல்லிப்போடறனுங்க. இப்பவே சொல்லிப்போடறேன். உங்க மேல பழி வராது."

உண்மை தெரிந்த பிறகு அவள் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்தால்தான் என்ன, வைத்துக்கொள்ளட்டுமே என்று அவன் நினைத்தான். அதுவும் இல்லை.

"நீங்க நல்லவருதானுங்க. சொல்லாமயே இருந்திருக்கலாம், சொன்னீங்க. ஆனா நீங்க வேண்டாம்னா அடுத்து இன்னொருத்தரு வந்து பக்கத்துல உக்காருவாருங்க. அவருகிட்டயும் எங்கப்பா டிக்கெட் வாங்குவாரு. நான் அதையும் எங்கப்பாவே எடுத்துக் குடுத்ததுன்னு நெனைப்பேனா, மாட்டேனா? இனி அவரு ஒரு புடவ எடுத்துக் குடுத்தாக்கூட யாருது காசுன்னு பாக்கோணுமுங்க."

காட்பாடி வந்தது, போனது. அரக்கோணத்தை வண்டி நிற்காமல் கடந்தது. டிபன் தட்டுகளை எடுத்துப்போன ஆள் டீ வேண்டுமா என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். பார்க்கிறவர்களுக்குப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றுதான் தோன்றியிருக்கும்.

சென்ட்ரலில் இறங்கினார்கள். அவன் மேலே இருந்த பையை எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"ஏனுங்க, உங்க போன் நம்பரச் சொல்றீங்களா?"

இந்த இடத்தில் அந்த மனிதனைப் பார்த்துச் சிரிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் முடிந்த பிறகும், இத்தனை தெரிந்த பிறகும், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் மனசு திரும்பவும் தன் வீட்டு வாசலுக்கு ஓடிப்போய் நின்றது. நம்பரைச் சொன்னான். ஒரு இலக்கத்தைத் தப்பாகச் சொல்லித் திருத்திச் சொன்னான்.

அவள் போனில் எதையோ அழுத்தினாள். அவன் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது.

"ரெண்டு டிக்கெட்டுக்கும் அனுப்பியிருக்கேனுங்க. சரியா இருக்குதான்னு பாத்துக்குங்க."

"ஐயோ, வேண்டாமுங்க. நீங்க எதுக்குங்க..."

"இல்லீங்க, இருக்கட்டும். நான் வந்த வண்டி என்ற காசுல வந்ததா இருக்கட்டும். உங்குளுதும் வெச்சுக்குங்க. நீங்க வந்தது எனக்காகத்தான?" என்றாள். பிறகு, இத்தனைக்கும் பிறகு, "போயிட்டு வாரேனுங்க" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு நடந்தாள். அவள் அந்த ஆபீசுக்குத்தான் போனாளா, அப்பா சொன்னபடி திரும்பும் வண்டிக்கு டிக்கெட் வாங்கப் போனாளா என்று அவனுக்குத் தெரியாது. கூட்டத்தில் அந்த முதுகுப் பை கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

திரும்புகிற வண்டிக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. தம்பிதுரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். சென்னியப்பனைக் கூப்பிட்டு, "பொண்ணு புடிக்கலீங்க, உட்டுருங்க" என்று மட்டும் சொன்னான். அந்தப் பக்கம் சென்னியப்பன் கத்தினார். "புடிக்கலியா? உங்குளுக்கா? உங்க வயசென்ன, நெலம என்னன்னு யோசிச்சுத்தான் பேசறீங்களா?" அவன் கட் செய்தான். பெண் தட்டிக் கழித்ததாக எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான், தான் தட்டிக் கழித்தது இதுதான் முதல் தடவை. அதுவும் பொய்.

அம்மா கூப்பிட்டாள். காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். தோப்பில் யாரோ மட்டை இழுக்கும் சத்தம் பின்னால் கேட்டது.

"பொண்ணு எப்படி கண்ணு? பேசுச்சா?"

"பேசுச்சும்மா. சேலம் வரைக்கும் நல்லாப் பேசுச்சு. நம்ம மரத்தப் பத்தியெல்லாம் கேட்டுச்சு."

"மரத்தப் பத்திக் கேட்டுச்சா!" மாரியாத்தாள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்பொ நல்ல பொண்ணுதான். நாஞ் சொல்லுல? காசு போனாப் போவுதுன்னு நான் அன்னைக்கே நெனச்சுப்போட்டேன். போட்ட காசு வீண் போகாது பாரு."

"வீண் போகலம்மா" என்றான். "காசு திரும்பி வந்துருச்சு."

"திரும்பியா? ஆரு குடுத்தா?"

"அந்தப் பொண்ணுதான்."

மட்டை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மாரியாத்தாள் ரொம்ப மெல்ல, "ரெண்டு டிக்கெட்டுதுமா கண்ணு?" என்று கேட்டாள்.

"ரெண்டுதும்மா."

அவள் போனை வைக்கவில்லை. அவனும் வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.